தில்லி மாநகரின் மலர்விசிறி விழா

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும் உரையாசிரியர்கள் வரையறுத்தனர். இப்பகுப்புத் தமிழகத்து வானத்தை நோக்கிச் செய்யப்பெற்றது. வடபுலம் வந்து குடியேறிய தமிழனுக்கு முதலில் பொய்த்துப்போவது இந்தக் கணக்கேயாகும். ஊரிலிருந்து வரும் கடிதம் ஐப்பசி அடைமழையைப் பற்றிப் பேசும். அதே நாளில் தில்லியின் வானம் துடைத்து வைத்த பளிங்குபோல் விளங்கும். இங்கே தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாத இறுதியில் வந்து, செப்டம்பர் மாத இறுதியில் விடைபெறுகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி இம்மூன்று திங்களுக்குள்ளேயே பெய்து முடிகிறது. அதன்பின் வரும் தெளிந்த பருவத்தையே வடவர் ‘சரத்’ என்று போற்றுகின்றனர்.

வேனில் போய்ச் சரத் வருகின்ற அந்த இடைக்காலம் தில்லி வாழ்வோர்க்கு ஒரு சிறுவீடுபேறு எனலாம். வாயில்களில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிகள் கழற்றப்படுகின்றன. மொட்டைமாடியிற் படுத்தவர், விடியற்காலையில் போர்வை நனையக் கண்டு, கட்டிலை உள்ளே கொணர்கின்றனர். வைகறையில் பவழமல்லி உதிர்ந்து தரையை நிறைக்கிறது. புதுதில்லியின் சாலையோரங்களில் ஏழிலைப்பாலை பூத்து, இரவெல்லாம் தன் கனத்த மணத்தைப் பரப்புகிறது. கடைத்தெருவில் குளத்தில் விளைந்த ‘சிங்காடா’ என்னும் நீர்க்கொட்டை வந்து குவிகிறது. இவை யாவும் விலையின்றியோ, மிகச் சிறிய விலைக்கோ கிடைக்கும் இன்பங்கள். அரண்மனைக்கும் குடிசைக்கும் இவற்றில் வேறுபாடு இல்லை.

இத்தகைய எளிய இன்பங்களைச் சேர்த்துக் கட்டி ஒரு விழாவாக்கிய பெருமை தில்லிக்கு உண்டு. அதன் பெயர் ‘பூல்வாலோன் கீ சைர்’. தமிழிற் கூறின், ‘பூக்காரர் உலா’. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்விழாவின் வரலாற்றைத் தலைநகர்த் தமிழர் அறிந்து மகிழ்தல் தகும் என்னும் கருத்தினால் இக்கட்டுரை எழுதப்பெறுகிறது.

மெஹ்ரோலியும் அதன் நீரும்

விழாவின் நிலைக்களம் குதுப்மினார் நிற்கும் மெஹ்ரோலி. செங்கோட்டையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், தில்லியின் பழைய நகரங்களுள் தொன்மை மிக்கது. பாறை நிலமாயினும் பசுமைக்குக் குறைவில்லாதது. மாந்தோப்புகள் மிக்கிருந்தமையால், வெயிலாற் கருகிய நகரமாந்தர்க்கு அது ஒரு புகலிடமாயிற்று.

அவ்வளத்திற்குக் காரணம் ‘ஹவுஸ் இ ஷம்சி’ எனப்படும் பெருங்குளம். 1211 முதல் 1236 வரை தில்லியை ஆண்ட சுல்தான் இல்துத்மிஷ் அதனை அகழ்வித்தான். குளம் அமையவேண்டிய இடத்தை நபிகள் நாயகம் கனவிற் காட்டியதாக ஒரு வழக்கு உண்டு. 1334-ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இக்குளத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். மழைநீரால் நிறைவது, நகரத்தார்க்குக் குடிநீர் தருவது, நடுவே கல்மண்டபம் உடையது என்று அவர் குறிக்கிறார். நீர் நிறைந்த நாளில் மண்டபத்திற்குப் படகிற் சென்றனராம். நீர் வற்றியபோது கரையோரத்துச் சேற்றில் கரும்பும் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட்டனராம். அம்முலாம்பழம் சிறியதாயினும் மிக இனிது என்று சுவை பார்த்துச் சொல்கிறார் அவர். பேரரசுகளைக் கண்ட பயணி ஒருவர் ஒரு பழத்தின் இனிமையையும் குறித்துவைக்க மறக்கவில்லை என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இதே ஊரில் இரண்டு திருத்தலங்கள் உள்ளன. ஒன்று, 1235-ஆம் ஆண்டில் மறைந்த சூஃபிப் பெரியார் குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கியின் அடக்கத்தலம். அஜ்மீர் குவாஜா முயினுத்தீன் சிஷ்தியின் மாணாக்கர் இவர். மற்றொன்று யோகமாயை கோயில். கண்ணபிரானின் உடன்பிறந்தாளாக, கம்சனின் கையினின்று நழுவி விண்ணில் மறைந்த தேவியே இங்கு எழுந்தருளியிருப்பதாக நம்பிக்கை. பழமையான இத்தலத்தின் இன்றைய கோயில் 1827-ஆம் ஆண்டில், இரண்டாம் அக்பர் ஷாவின் அவையைச் சேர்ந்த சேட்மல் என்பவரால் எடுப்பிக்கப்பெற்றது. இவ்விரு தலங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. நடந்து சென்றால் சில நிமிடங்களே ஆகும்.

அரசியின் நேர்த்திக்கடன்

1803-ஆம் ஆண்டில் தளபதி லேக்கின் படை தில்லியைக் கைப்பற்றியது. அன்றுமுதல் முகலாய மன்னரின் ஆட்சி செங்கோட்டையின் மதிலுக்குள் அடங்கிற்று. 1806-இல் அரியணை ஏறிய இரண்டாம் அக்பர் ஷா, கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த உதவித்தொகையைக் கொண்டே குடும்பத்தை நடத்தினார். அத்தொகையை உயர்த்தித் தரவேண்டும் என்று முறையிடுவதற்காகவே, அவர் ராம்மோகன் ராயை ‘ராஜா’ என்னும் பட்டமளித்து 1830-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு அனுப்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி.

மன்னரின் அன்புக்குரிய மைந்தர் மிர்ஸா ஜஹாங்கீர். அவரையே பட்டத்து இளவரசராக்க வேண்டும் என்று மன்னரும், தாயாகிய மும்தாஜ் மகல் பேகமும் விரும்பினர். கம்பெனியார் அதற்கு இசையவில்லை. இளவரசரோ முன்கோபி. தில்லியில் வழங்கும் கதையின்படி, அவர் கம்பெனியின் ரெசிடெண்டாகிய ஆர்ச்சிபால்டு சீட்டனை அவையிலேயே இகழ்ந்து பேசினார். பின்னர் ஒருநாள் துப்பாக்கியாற் சுடவும் செய்தார். குறி தவறிற்று, சீட்டன் உயிர்தப்பினார். இளவரசர் அலகாபாத்துக்கு நாடுகடத்தப்பெற்றார்.

மகனைப் பிரிந்த தாய் வருந்தி, அவன் மீண்டுவரின் குவாஜா பக்தியார் காக்கியின் திருவிடத்தில் மலர்ப்போர்வை சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். சில காலத்திற்குப் பின் கம்பெனியார் இளவரசரைத் திரும்பி வரவிட்டனர். அரண்மனை முழுவதும் மெஹ்ரோலிக்குப் புறப்பட்டது. பேகம் மலர்ப்போர்வை சாத்தினாள். பூக்காரர்களோ, அரசி சொல்லாமலே, மூங்கிற் சட்டத்தில் பூவும் சரிகையும் வைத்துக் கட்டிய பெரிய விசிறி ஒன்றைத் தம் காணிக்கையாகச் சேர்த்தனர். மன்னர் அதனைக் கண்டு உளம் நெகிழ்ந்து, யோகமாயை கோயிலுக்கும் அவ்வாறே ஒரு மலர்விசிறி எடுத்துச் செல்லுமாறு பணித்தார். ஏழு நாள் கொண்டாட்டம் நிகழ்ந்தது. கண்டவர் அனைவரும் மகிழவே, ஆண்டுதோறும் இதனை நடத்துக என்று மன்னர் ஆணையிட்டார். 1812-ஆம் ஆண்டு என்று அதன் தொடக்கம் குறிக்கப்படுகிறது.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். நேர்ந்துகொண்டவள் அரசி, ஆணையிட்டவர் மன்னர், ஆயினும் விழாவிற்கு வாய்த்த பெயர் ‘அரசி விழா’ அன்று, ‘பூக்காரர் உலா’. கேளாமற் கொடுத்தவர்கள் அவர்களே ஆதலின், பெயரும் அவர்களையே சேர்ந்தது.

எந்த மகனுக்காக அவ்விழா எழுந்ததோ, அவன் வாழ்வு நன்கு முடியவில்லை. மிர்ஸா ஜஹாங்கீர் மறுபடியும் அலகாபாத்துக்கு அனுப்பப்பெற்றார். அங்கே ‘செர்ரி பிராந்தி’ என்னும் மதுவில் மூழ்கித் தம்மைத் தாமே அழித்துக்கொண்டதாக ஆங்கில அதிகாரி ஸ்லீமன் எழுதியிருக்கிறார். 1821-ஆம் ஆண்டில், முப்பதைக் கடந்ததும் கடவாததுமான வயதில், அவர் மாண்டார். நிஜாமுதீன் தர்காவின் வளாகத்தில், பளிங்குச் சாளரங்கள் சூழ்ந்த அவரது கல்லறையை இன்றும் காணலாம். தாய் பெற்ற மகிழ்ச்சி சில ஆண்டுகளில் துயரமாயிற்று. ஆனால் விழா நிற்கவில்லை. அதற்குள் அது மக்களுடைய விழாவாகிவிட்டது.

உலாவின் இன்பங்கள்

விழா நிகழும் காலம் ‘பாதோன்’ எனப்படும் மழைத்திங்கள். நம் ஆவணி, புரட்டாசியை ஒட்டியது. வேனிலின் கொடுமை தணிந்து, குளங்கள் நிரம்பி, மழை விட்டுவிட்டுத் தூறும் காலம் அது. ஷாஜஹானாபாத்தின் கடைகள் சாத்தப்பட்டன. மாட்டுவண்டியிலும், பல்லக்கிலும், தேரிலும், பெரும்பாலோர் கால்நடையாகவும் மெஹ்ரோலியை நோக்கிச் சென்றனர். மன்னரும் மழைக்காலத்தை அங்கேயே கழிப்பது வழக்கமாயிற்று. இரண்டாம் அக்பர் ஷா தர்காவின் அருகே ஒரு மாளிகை எழுப்பினார். அவர் மைந்தர் பகதூர் ஷா ஜஃபர் 1847-48-இல் அதற்கு யானை நுழையத்தக்க பெருவாயில் அமைத்தார். ‘ஜஃபர் மகல்’ என்று வழங்கும் அதுவே முகலாயர் கட்டிய கடைசி அரண்மனை எனப்படுகிறது.

அங்கே மக்கள் என்ன செய்தனர் என்று வினவினால், விடை மிக எளியது: ஊஞ்சலாடினர், நீந்தினர், உண்டனர், பட்டம் விட்டனர், பாட்டுக் கேட்டனர். மாமரக்கிளைகளிற் கட்டிய ஊஞ்சல்களில் பெண்டிர் மழைக்காலப் பாடல்களைப் பாடி ஆடினர். ஷம்சிக் குளத்தின் மிகைநீர் விழுமிடத்தில், ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டில், காஜியுத்தீன் பிரோஸ் ஜங் என்னும் பிரபு ஒரு நீர்ப்பூங்கா அமைத்திருந்தார். அதற்கு ‘ஜர்னா’, அதாவது அருவி, என்று பெயர். அங்கே மண்டபத்தின் மேலிருந்து இளைஞர் நீரிற் குதித்து விளையாடினர். குளக்கரையில் இரவில் வாணவேடிக்கை நிகழ்ந்தது.

உணவோ, விருந்து என்று சொல்லத்தக்க அரிய பண்டங்கள் அல்ல. தெருவோரத்தில் இருப்புச்சட்டி வைத்துப் பொரித்த பூரியும் கசோரியும், கடலைமாவு சேர்த்த ரொட்டியும், பருவத்தின் கடைசி மாம்பழமுமே அவை. ‘அந்தர்சா’ என்று ஒரு தின்பண்டம் மழைக்காலத்திற்கென்றே செய்யப்பட்டது. ஊறவைத்த அரிசியை இடித்து மாவாக்கி, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து புளிக்க வைத்து, எள் தூவி நெய்யிற் பொரித்தெடுப்பது அது. அதனை உண்ணும் தமிழர் எவரும் நம் அதிரசத்தின் உறவு என்று உடனே கண்டுகொள்வர்.

மாலையில் மலர்விசிறி உலா புறப்படும். ஷெனாயும் முரசும் முன்னே முழங்க, சிலம்பம் போன்ற கழிவிளையாட்டும் வாள்விளையாட்டும் ஆடுவோர் சூழ, உயர்ந்த கம்புகளில் மலர்விசிறிகள் அசைந்து செல்லும். ஒருநாள் யோகமாயை கோயிலுக்கு, மற்றொருநாள் தர்காவுக்கு. தேவிக்குரிய விசிறியை முஸ்லிம்களும் தாங்கினர்; தர்காவுக்குரிய போர்வையை இந்துக்களும் சுமந்தனர். பகதூர் ஷா ஜஃபரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. ஓராண்டு அவர் கோயிலுக்குச் சென்ற உலாவில் கலந்துகொள்ள இயலவில்லை. அதனால் மறுநாள் தர்காவுக்குச் சென்ற உலாவிலும் கலந்துகொள்ள மறுத்துவிட்டாராம். குடிகள் இருதிறத்தாருக்கும் தாம் ஒருபடித்தாய் நிற்கவேண்டும் என்பதே அவர் கருத்து. படையும் பொருளும் இழந்த மன்னருக்கு எஞ்சியிருந்த அரசநீதி அது ஒன்றே. அதனை அவர் கைவிடவில்லை.

இச்செய்திகளிற் பல நமக்குக் கிடைப்பது, செங்கோட்டையின் கடைசிநாள் வழக்கங்களை எழுதிவைத்த முன்ஷி பைஜுத்தீன், இவ்வுலாவைப் பற்றித் தனிநூலே இயற்றிய மிர்ஸா பர்ஹத்துல்லா பேக் முதலிய உருது எழுத்தாளர்களால் ஆகும். பைஜுத்தீனின் ‘பஜ்மே ஆகிர்’ 1885-ஆம் ஆண்டில் வெளிவந்தது. போர்களையும் ஒப்பந்தங்களையும் எழுதுவார் பலர் இருந்தனர். ஊஞ்சலையும் தின்பண்டத்தையும் எழுதிவைத்தவர் சிலரே. அச்சிலர் இல்லாதிருப்பின், தில்லியின் வாழ்வு எத்தகையது என்பதை நாம் அறிந்திரோம்.

அழிவும் தொடர்ச்சியும்

1857-ஆம் ஆண்டுப் பெரும்புரட்சி வந்தது. செப்டம்பர்த் திங்களில், உலாவுக்குரிய அதே பருவத்தில், ஆங்கிலப் படை தில்லியைத் திரும்பப் பிடித்தது. நகரமாந்தர் வெளியேற்றப்பட்டனர். பகதூர் ஷா செங்கோட்டையிலேயே விசாரணை செய்யப்பெற்று, இரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டார். 1862-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அங்கே காலமானார்.

மெஹ்ரோலிக்குச் செல்வோர், ஜஃபர் மகலையும் தர்காவையும் ஒட்டியுள்ள மோத்தி மஸ்ஜிதின் சிறு முற்றத்தைத் தவறாது காணவேண்டும். அங்கே முதலாம் பகதூர் ஷா, ஷா ஆலம், இரண்டாம் அக்பர் ஷா ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. அவற்றினிடையே வெறுமையாய்க் கிடக்கும் ஓரிடம், பகதூர் ஷா ஜஃபர் தமக்கென்று ஒதுக்கி வைத்தது. மழைக்காலந்தோறும் தாம் மகிழ்ந்த அவ்வூரிலேயே உறங்க அவர் விரும்பினார். அவ்விடம் இன்றும் நிரப்பப்படாமலே இருக்கிறது. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நம்மைப் போன்றோர் அவ்வெற்றிடத்தின் முன் சிறிதுநேரம் நில்லாமற் செல்லுதல் அரிது.

மன்னர் இல்லை, மாளிகை பாழடைந்தது. ஆயினும் பூக்காரர் இருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் உலா தொடர்ந்தது. 1942-ஆம் ஆண்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தபோது, இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் சேர்ந்து செல்லும் இவ்வூர்வலத்தை அரசு நிறுத்திவிட்டது. ஊஞ்சலும் பூரியும் மலர்விசிறியும் ஒரு பேரரசுக்கு அச்சம் தரக்கூடுமோ என்று இன்று நாம் வியக்கலாம். கூடி மகிழ்வோர் கூடி எழவும் வல்லர் என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

ஐந்து ஆண்டுகளுக்குப்பின் விடுதலை வந்தது. அதனுடன் பிரிவினையும் வந்தது. 1947-ஆம் ஆண்டின் அதே மழைக்கடைநாட்களில் தில்லியின் தெருக்களில் குருதி சிந்தியது. மெஹ்ரோலித் தர்காவும் தாக்குண்டது. காந்தியடிகள் 1948 ஜனவரியில் மேற்கொண்ட தம் கடைசி உண்ணாவிரதத்தை முடித்தபின், ஜனவரி 27-ஆம் நாள் அத்தர்காவின் விழாவிற்குச் சென்று, அமைதியாக வாழுமாறு மக்களை வேண்டினார். அதற்கு மூன்றாம் நாள் அவர் உயிர் துறந்தார். அவர் கடைசியாகச் சென்ற திருத்தலம் இதுவே என்பர்.

இத்தகைய வரலாறுடைய ஊரில் உலா மீண்டும் எழவேண்டும் என்று நேருபிரான் விரும்பினார். 1960-களின் தொடக்கத்தில், அவர் ஊக்கத்தினால், இருபது ஆண்டுகளாக நின்றிருந்த விழா உயிர்பெற்றது. ‘அஞ்சுமன் சைரே குல்பரோஷான்’ என்னும் பூக்காரர் உலாக் கழகம் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. இருசமயத்தாரும் அதில் உறுப்பினர். பிற்காலத்தில் மாநிலங்கள் பலவும் தத்தம் மலர்விசிறிகளையும் கலைக்குழுக்களையும் அனுப்பிச் சிறப்பித்தன. காலமும் சற்றே பின்தள்ளி, மழை முற்றிலும் ஓய்ந்த சரத்காலத்திற்கு மாறிற்று.

நமக்கு இதில் உள்ள உறவு

இவ்வுலாவைக் கேள்வியுறும் தமிழர்க்கு, இது புதிதாகத் தோன்றாது. வையையில் புதுப்புனல் வரும்போது மதுரைமாந்தர் யாவரும் ஆற்றுக்கு ஓடி நீராடிக் களித்தமையைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. காவிரிக்கரையில் ஆடிப்பதினெட்டாம் பெருக்கன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு போய், குடும்பத்தோடு மணலில் அமர்ந்து உண்டவர் நாம். நீர் வந்ததைக் கண்டு மகிழ்வதும், அம்மகிழ்ச்சியைப் பூவாகவும் சோறாகவும் பிறரோடு பகிர்வதும் இந்நாட்டின் பொதுப்பண்பு. அங்கே பெயர் பெருக்கு. இங்கே பெயர் உலா.

ஆனால் இவ்வின்பங்கள் தாமே நிலைத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. இப்னு பதூதா இரண்டு மைல் நீளம் என்று மதித்த ஷம்சிக் குளம், இன்று வீடுகள் நெருக்கச் சுருங்கிக் கிடக்கிறது. அருவி என்று பெயர்கொண்ட ஜர்னாவில் அருவி இல்லை. மாந்தோப்புகள் மனைகளாயின. மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவமும் வரவரக் குறுகி வருகிறது. அக்டோபர் முடிவதற்குள் புகைமண்டலம் நகரைக் கவிந்துகொள்கிறது. எஞ்சியிருப்பவை சில வாரங்களே. குளத்தைக் காவாமல் குளக்கரை விழாவைக் காத்தல் இயலாது.

ஆதலின், இவ்வாண்டு மழை ஓய்ந்தபின் ஒருநாள், மக்களை அழைத்துக்கொண்டு மெஹ்ரோலிக்குச் சென்று வாருங்கள். யோகமாயையை வணங்கி, தர்காவின் வாயிலில் ஒருமுழம் பூ வாங்கிச் சாத்தி, குளக்கரையில் அமர்ந்து, கையிற் கொண்டுசென்ற புளியோதரையைப் பிரித்து உண்ணுங்கள். இளைய தலைமுறைக்கு அவ்வெற்றிடக் கல்லறையைக் காட்டி, அதன் கதையைச் சொல்லுங்கள். ஊரைவிட்டு வந்தோம் என்னும் ஏக்கம் நமக்கு உண்டு; அது தவறன்று. எனினும், வந்து சேர்ந்த ஊரின் பருவத்தையும், பூவையும், அதன் துயரையும் நம்முடையனவாக ஏற்றுக்கொண்டால்தான் நாம் இங்கே வாழ்ந்தவர் ஆவோம். கேளாமலே பூக்கொண்டு வந்த அந்தப் பூக்காரர்கள் நமக்குக் காட்டிய வழியும் இதுவே.